இரைச்சலுக்குள் ஒரு பாட்டு: ஆல்டர்நேட்டிவ் ராக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆல்டர்நேட்டிவ் ராக்கை முதல்முறை கேட்கிறவர்களிடம் மூன்று புகார்கள் இருக்கும். ஒரே இரைச்சல். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. இந்த மூன்றையும் நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். காதில் கோளாறு ஒன்றும் இல்லை, கேட்கிற பழக்கம்தான் வேறு. குரலை முன்னால் வைத்து, வாத்தியங்களைப் பின்னணி என்று ஒதுக்கிவிட்டுக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். இந்த இசையில் குரல் நாலு பேரில் ஒருவர், அவ்வளவுதான். சில பாட்டுகளில் கிட்டார்தான் பாடும், குரல் கூடவே முணுமுணுக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான். கீழே வரும் படிகள் வரலாற்று வரிசையில் இல்லை, காது பழகும் வரிசையில் இருக்கின்றன. அவசரப்படாமல் ஒரு படிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு மாற்று?

ஆல்டர்நேட்டிவ் என்றால் மாற்று. இந்தப் பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 1970களின் பின்பகுதியில் வந்த பங்க் இசை, மேதையாக இல்லாவிட்டாலும் பேண்ட் ஆரம்பிக்கலாம் என்ற துணிச்சலைப் பலருக்குக் கொடுத்தது. அந்தத் துணிச்சலில் 1980களில் நிறையக் குழுக்கள் கிளம்பின. அமெரிக்காவின் பெரிய வானொலி நிலையங்கள் அவர்களைச் சீந்தவில்லை. மாணவர்கள் நடத்திய கல்லூரி வானொலிகள்தான் போட்டன, லேபிள்கள் எனப்படும் சின்னச் சின்ன இசை நிறுவனங்கள்தான் ரெக்கார்டு வெளியிட்டன. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரின் ஆர்.இ.எம்., மினியாபொலிஸின் ஹஸ்கர் டூ, பாஸ்டனின் பிக்ஸீஸ், இங்கிலாந்தில் மான்செஸ்டரின் த ஸ்மித்ஸ் என்று பட்டியல் நீளும். ஒருவர் இசைக்கும் இன்னொருவர் இசைக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது. பொதுவாக ஓடிக்கொண்டிருந்த இசைக்கு வெளியே நின்றார்கள் என்பதுதான் ஒற்றுமை. ஆகவே 'மாற்று' என்பது ஒரு ஒலியின் பெயர் அல்ல, நின்ற இடத்தின் பெயர்.

1988 செப்டம்பரில் பில்போர்டு பத்திரிகை இந்த இசைக்கென்று தனித் தரவரிசை தொடங்கியது. 1991 செப்டம்பர் 24 அன்று நிர்வானா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் எதற்கு எது மாற்று என்று கேட்பதில் அர்த்தமில்லாமல் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

படி 1: எதில் கேட்பது

மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கர், கீழ்ஸ்தாயியில் வாசிக்கும் பேஸ் கிட்டாரை முழுங்கிவிடும். பேஸ் போனால் இந்த இசையில் பாதி போச்சு, மிஞ்சுவது நிஜமாகவே இரைச்சல்தான். சாதாரண ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

இன்னொன்று, இந்தப் பாட்டுகளில் பல அமைதியாகத் தொடங்கித் திடீரென்று வெடிக்கும். தொடக்கம் மெதுவாக இருக்கிறதே என்று வால்யூமைக் கூட்டினால் ஒரு நிமிடத்தில் காது கிழிந்துவிடும். சத்தமான பகுதிக்கு ஓட்டிப்போய் அங்கே வால்யூமை வைத்துக்கொண்டு, அப்புறம் முதலிலிருந்து போடுங்கள்.

படி 2: மூன்று பாட்டு, ஒரு வாரம்

முதல் பாட்டு, ஆர்.இ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' (1991). இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இதில் இரைச்சலே இல்லை. கிட்டார் கலைஞர் பீட்டர் பக் அப்போதுதான் மாண்டலின் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். பழகும்போது விரலில் வந்த மெட்டுதான் பாட்டின் முதுகெலும்பு. கேட்டால் இன்னொன்றும் தெரியும். மனதில் ஒட்டவைக்கும் கோரஸ், அதாவது பல்லவி, என்று பிரித்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. வரி வரியாகப் போய்க்கொண்டே இருக்கும், அந்த மாண்டலின் மெட்டுதான் திரும்பத் திரும்ப வந்து கோரஸ் வேலையைப் பார்க்கிறது. குரலை விட்டுவிட்டு மாண்டலினை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள்.

இரண்டாவது, த க்யூர் குழுவின் 'ஜஸ்ட் லைக் ஹெவன்' (1987). டிரம்ஸும் பேஸும் முதலில் வரும், அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாகச் சேரும், கடைசியில் மேலிருந்து படியிறங்கி வருகிற மாதிரி ஒரு கிட்டார் மெட்டு வரும். பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்க முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. யார் எங்கே வாசிக்கிறார் என்று வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்துவைக்கிறார்கள். ஒவ்வொரு வாத்தியமும் நுழையும்போது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு முழுக்க அது எங்கே போகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, ரேடியோஹெட் குழுவின் 'க்ரீப்' (1992). நாலே நாலு கார்டு (ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டம்), முதலிலிருந்து கடைசிவரை அதே சுற்று. மென்மையாகப் போய்க்கொண்டிருக்கும். சுமார் ஒரு நிமிடத்தில், கோரஸுக்குச் சற்று முன்னால், கிட்டாரில் இரண்டு மூன்று கரகரப்பான வெட்டு கேட்கும், பழுதான வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்கிற மாதிரி. பாட்டு ரொம்ப மென்மையாக இருப்பது கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட்டுக்குப் பிடிக்கவில்லை. அதைக் கெடுப்பதற்காகவே ஓங்கி அடித்தார் என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். கெடுக்க அடித்த அடிதான் இன்றைக்கு அந்தப் பாட்டின் அடையாளம். அந்த வெட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: அமைதி, வெடிப்பு, மறுபடி அமைதி

நம் காதுக்குப் பழகிய அமைப்பில் பல்லவி முதலில் வரும், சரணம் பிறகு. இங்கே பெரும்பாலும் சரணம் முதலில், பல்லவி அப்புறம். முதல் வரியிலேயே மெட்டு மனதில் ஒட்டவில்லை என்று பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள், பல்லவி வருவதற்குள் போய்விட்டவர்கள்.

இந்தச் சரணம்-பல்லவி வித்தியாசத்தை ஒலியளவாலேயே காட்டும் வித்தையைப் பிரபலப்படுத்தியவர்கள் பிக்ஸீஸ். சரணத்தில் பேஸும் டிரம்ஸும் மட்டும் கிசுகிசுக்கும், பல்லவியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். 1988-ல் வந்த 'சர்ஃபர் ரோசா' ஆல்பத்தில் 'வேர் இஸ் மை மைண்ட்' பாட்டைப் போடுங்கள். பின்னால் பேய் மாதிரி ஒரு பெண் குரல் ஊளையிடும். கிம் டீல் என்ற பேஸ் கலைஞரின் குரல் அது. ஸ்டுடியோவின் எதிரொலி பிடிக்காமல், பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினி அவரைக் குளியலறைக்குள் நிறுத்திப் பாடவைத்தார். சுவரில் பட்டுத் திரும்பும் அந்த நிஜமான எதிரொலியை ஹெட்போனில் நன்றாகவே பிடிக்கலாம்.

இப்போது நிர்வானாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'. பிக்ஸீஸ் பாணியைக் காப்பியடிக்கத்தான் முயன்றேன் என்று நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் வெளிப்படையாகவே சொன்ன பாட்டு. ஐந்து நிமிடப் பாட்டு, ஒரு தடவையாவது வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள்.

முதல் சில வினாடிகள் தனிக் கிட்டார், கொஞ்சம் அழுக்கான ஒலி, ஆனால் அடக்கம். டேவ் க்ரோலின் டிரம்ஸ் நாலு அடி அடித்ததும் சுவர் இடிந்து விழுகிற மாதிரி எல்லாம் சேரும். அப்புறம் திடீரென்று காலியாகும். சரணத்தில் கிட்டார் இரண்டே இரண்டு சுரம்தான் போடுகிறது, தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி ஆடிக்கொண்டே. பாரத்தை எல்லாம் பேஸும் டிரம்ஸும் சுமக்கின்றன. அடுத்து கோபேன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றிக்கொண்டு போவார், அது முடிந்ததும் பல்லவி வெடிக்கும். நடுவில் கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் வரும்போது கூர்ந்து கேளுங்கள். வேகமாக விரலோட்டம் காட்டும் சோலோ இல்லை அது. சரணத்தில் குரல் பாடிய மெட்டையே கிட்டார் திருப்பிப் பாடுகிறது. நான் இதைக் கவனித்தது பல தடவை கேட்ட பிறகுதான்.

பாட்டுத் தலைப்பின் கதை ஒரு தமாஷ். கேத்லீன் ஹன்னா என்ற பாடகி கோபேன் வீட்டுச் சுவரில் எழுதிய வரி அது. டீன் ஸ்பிரிட் என்பது ஒரு வாசனைப் பூச்சின் பெயர். அது தெரியாமல் ஏதோ புரட்சி வாசகம் என்று நினைத்துக்கொண்டார் கோபேன்.

படி 4: இரைச்சலோடு சமாதானம்

அந்தக் கரகரப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அது குறைபாடாகத் தோன்றாது. ஆம்ப்ளிஃபயரால் தாங்க முடிகிற அளவைவிட அதிகமாகச் சமிக்ஞையைத் தள்ளினால், ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அந்த வெட்டில் மூல சுரத்தோடு புதிய மேல்சுரங்கள் ஏராளமாகப் பிறக்கும். இதுதான் டிஸ்டார்ஷன். காலால் அழுத்தும் பெடல்களும் இதே வேலையைச் செய்கின்றன.

கரகரப்பு கூடும்போது முழு கார்டு வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிச் சேறாகிவிடும். அதனால் பவர் கார்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சரிகமபதநி தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ச, ப, அவ்வளவுதான். காந்தாரம் கிடையாது. சோகமா மகிழ்ச்சியா என்று காட்டிக்கொடுக்கும் சுரமே அதுதான் என்பதால், கிட்டார் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். எந்த உணர்ச்சி என்பதைக் குரல் முடிவு செய்துகொள்ளலாம்.

காதைப் பழக்க ஒரு ஏணி வைத்திருக்கிறேன். கீழ்ப்படி, ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் 'டுடே' (1993). குழந்தை விளையாட்டுப் பெட்டி மாதிரி ஒரு சின்னக் கிட்டார் மெட்டு, பிறகு கனமான கிட்டார் அடுக்குகள். அதற்கு மேல், சோனிக் யூத் குழுவின் 'டீன் ஏஜ் ரயட்' (1988). ஏழு நிமிடம் இருக்கும். கிட்டார் தந்திகளை வழக்கத்துக்கு மாறான சுருதிகளில் கட்டிக்கொண்டவர்கள் இவர்கள். தந்திக்கு அடியில் டிரம்ஸ் குச்சியையும் ஸ்க்ரூடிரைவரையும் செருகியும் வாசித்திருக்கிறார்கள். மேல்படி, மை பிளடி வேலண்டைன் குழுவின் 'ஒன்லி ஷாலோ' (1991). 'லவ்லெஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு.

இந்த மேல்படியில்தான் நான் வழுக்கினேன். முதல்முறை கேட்டபோது ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, இன்னொரு தடவை இறக்கிக் கேட்டேன். அப்படியேதான் இருந்தது. குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கம்பியைக் கையிலேயே பிடித்து அசைத்தபடி வாசிக்கிறார், அதனால் சுருதி நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது, வெயிலில் வைத்த கேசட் மாதிரி. குரலைக் கிட்டாருக்கு அடியில் புதைத்திருக்கிறார்கள், வேண்டுமென்றேதான். அதைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள். கண்ணாடி ஜன்னலில் வழியும் மழையைப் பார்க்கிற மாதிரி மொத்தமாகக் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள். எனக்கு அதைவிட அதிகமாகவே ஆனது.

படி 5: வார்த்தைகள்

பாட்டு வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். கண் வரிகளைப் படிக்கத் தொடங்கினால் காது தூங்கிவிடும். ஆர்.இ.எம். குழுவின் முதல் ஆல்பமான 'மர்மர்' (1983) வந்தபோது, பாடகர் மைக்கேல் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே விளங்கவில்லை. ஆல்பத்தின் பெயரே முணுமுணுப்பு. ஆகவே புரியவில்லை என்று கூச்சப்பட ஒன்றுமில்லை.

மெட்டு பழகிய பிறகு வரிகளைப் படிக்கலாம், அப்போது சில அதிர்ச்சிகள் இருக்கும். 'லூசிங் மை ரிலிஜன்' மதத்தைப் பற்றியதே அல்ல. பொறுமை எல்லை கடந்துவிட்டது, இனித் தாங்காது என்பதற்கு அமெரிக்கத் தென்பகுதியில் சொல்லும் வழக்கு அது. 'டுடே' துள்ளலாக ஒலிக்கிறது, ஆனால் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் பாடகர் பில்லி கோர்கன் தன் வாழ்க்கையின் மிக இருண்ட நாட்களில் எழுதியது. அயர்லாந்தின் லிமெரிக் நகரத்துக் குழுவான த கிரான்பெரீஸின் 'சோம்பி' (1994) பேய்ப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டுகளில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அந்தக் கோபத்தில் குழுவின் பாடகி டோலோரஸ் ஓ'ரியார்டன் எழுதிய பாட்டு அது. பல்லவியில் அவர் குரல் உடைந்து எகிறும் இடத்தை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

படி 6: ஆல்பமாகக் கேட்பது

இதுவரை தனிப் பாட்டுகள். ஆனால் இந்த இசைக்காரர்கள் யோசித்தது ஆல்பம் ஆல்பமாகத்தான். ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசைப்படி கேளுங்கள்.

முதல் ஆல்பமாக ஆர்.இ.எம். குழுவின் 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' (1992) என்பேன். நிதானமான ஆல்பம். சில பாட்டுகளுக்கு வயலின் வரிசைகளை அமைத்துக் கொடுத்தவர் லெட் ஸெப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். அடுத்து பிக்ஸீஸின் 'டூலிட்டில்' (1989). 15 பாட்டு, மொத்தம் 39 நிமிடம்கூட இல்லை. ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

மூன்றாவது 'நெவர்மைண்ட்'. இதில் எல்லோரும் முதல் பாட்டைப் பற்றியே பேசுவார்கள், நான் கடைசிப் பாட்டைச் சொல்வேன். 'சம்திங் இன் த வே' பாட்டைக் குழுவோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தும் சரியாக வரவில்லை. கோபேன் கட்டுப்பாட்டு அறையின் சோபாவில் சாய்ந்துகொண்டு, இப்படி இருக்க வேண்டும் என்று கிசுகிசுப்பாகப் பாடிக் காட்டினார். தயாரிப்பாளர் புட்ச் விக் அறையில் இருந்த மின்விசிறியை நிறுத்தி, தொலைபேசியை எடுத்துவிட்டு, அப்படியே அங்கேயே பதிவு செய்துவிட்டார். அத்தனை கத்தலுக்கும் பிறகு ஆல்பம் இப்படி முடிகிறது. அதைத் தனியாகக் கேட்டால் சோர்வான ஒரு பாட்டு, அவ்வளவுதான். பதினொரு பாட்டைத் தாண்டி அங்கே வந்து சேர்கிறவர்களுக்குத்தான் அது வேலை செய்யும்.

நான்காவது ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997). 12 பாட்டு, 53 நிமிடம். முதல் தடவையில் பிடிபடாது. இரண்டாவது பாட்டான 'பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்' பல துண்டுகளைத் தைத்த மாதிரி ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அந்தத் தையல்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுவதிலிருந்து தொடங்குங்கள்.

படி 7: எந்தக் கிளை உங்களுடையது

இதற்குமேல் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. பிடித்தது எது என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் திரும்பலாம்.

நிர்வானாவின் கனம் பிடித்திருந்தால் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் குழுக்கள் பக்கம். பேர்ல் ஜாமின் 'டென்' (1991), இரண்டு ஆண் குரல்கள் விசித்திரமாக இணையும் ஆலிஸ் இன் செயின்ஸின் 'டர்ட்' (1992), சவுண்ட்கார்டனின் 'சூப்பர்அன்னோன்' (1994). தாளம் தெரிந்தவர்கள் சவுண்ட்கார்டனின் 'ஸ்பூன்மேன்' பாட்டுக்குக் கையில் போட்டுப் பாருங்கள். நாலாகப் போட்டால் உதைக்கும், ஏழாகப் போட்டால் உட்காரும்.

பாடிக்கொண்டே திரியத் தகுந்த மெட்டு வேண்டுமென்றால் 1990களின் பிரிட்பாப், அதாவது பிரிட்டிஷ் குழுக்களின் கிட்டார் பாப். ஒயாசிஸும் ப்ளரும் 1995 ஆகஸ்ட் 14 அன்று ஒரே நாளில் சிங்கிள் (தனிப் பாட்டு ரெக்கார்டு) வெளியிட்டு மோதிக்கொண்டார்கள். அந்த வார விற்பனையில் ப்ளர் ஜெயித்தது. இரண்டையும்விட எனக்கு பல்ப் குழுவின் 'காமன் பீப்பிள்' பெரிது. ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்க ஆசைப்படும் பணக்காரப் பெண்ணைப் பற்றியது. கிண்டலாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகமேறி, கடைசியில் நிஜக் கோபமாகிவிடும்.

'லவ்லெஸ்' பிடித்த அபூர்வப் பிறவி என்றால் ஷூகேஸ் உங்கள் கிளை. மேடையில் தலையைக் குனிந்து கால் பெடல்களையே பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள் என்பதால் வந்த கேலிப்பெயர். ஸ்லோடைவின் 'சுவ்லாகி' (1993) அதே உலகில் கொஞ்சம் இதமானது.

கிம் டீலின் குரல் மனதில் நின்றிருந்தால் அவருடைய இன்னொரு குழுவான த பிரீடர்ஸ், அங்கிருந்து பாடகி பி.ஜே. ஹார்வி. ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ' (1993) பதிவும் ஆல்பினியின் கைவேலைதான், வால்யூம் எச்சரிக்கை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

2000க்குப் பிந்தையவர்களில் த ஸ்ட்ரோக்ஸின் 'இஸ் திஸ் இட்' (2001) எளிதான வாசல். த ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003) உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், கால்பந்து மைதானங்களில் கூட்டமே முழங்குகிற மெட்டு அது. அந்த மெட்டை வாசிப்பது பேஸ் என்று எல்லோரும் நினைப்பார்கள். குழுவில் பேஸ் கலைஞரே இருந்ததில்லை, ஒருவர் கிட்டார், ஒருவர் டிரம்ஸ். கிட்டாரைப் பெடலால் ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார்கள்.

படி 8: பின்னோக்கி

இவ்வளவும் கேட்ட பிறகு வேரைத் தேடிப் போகலாம். முதலிலேயே போயிருந்தால் அலுத்திருக்கும். ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளெஷர்ஸ்' (1979) ஆல்பத்தில் பேஸ் கிட்டார் மேல்சுரங்களில் ஏறி மெட்டை வாசிக்கும், கிட்டார் பக்கத்தில் நின்று கீறும். த க்யூரைக் கேட்ட காதுக்கு இது உடனே பிடிபடும்.

இன்னும் பின்னால் போனால் 1967-ல் வெளிவந்த வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் ஆல்பம். அதில் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' என்ற பாட்டில் ஜான் கேல் வாசிக்கும் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்), கம்பளியில் நகம் பட்ட மாதிரி, ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு விடாமல் உராயும். தம்புரா கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த விடாப்பிடி அந்நியமாக இருக்காது. அது முடிந்த கையோடு 'ஒன்லி ஷாலோ' பாட்டை மறுபடி போடுங்கள்.